கடைமடைக்கு அப்பால்: கோடிக்கரைக் கானகமும் காவிரிக் கவிதையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தஞ்சைத் தரணியில் காவிரியைப் பாடாத கவியரங்கம் இல்லை. அக்கவிதைகளில் காவிரி குடகில் பிறக்கிறாள்; மேட்டூரில் தேங்குகிறாள்; கல்லணையில் கிளை பிரிகிறாள்; வாய்க்கால் வழியே வயலை அடைந்து நெல்லாக விளைகிறாள். பெரும்பாலான கவிதைகள் அந்த இடத்தில் நிறைவு பெற்றுவிடுகின்றன. ஆறு அங்கே நிறைவு பெறுவதில்லை. வயலைக் கடந்தபின் அது எங்கே செல்கிறது, அதன் கடைசித் துளியை நம்பி வாழ்வோர் யாவர் என்னும் வினாக்கள் கவிஞர்க்கு உரிய வினாக்கள். கடைமடைக்கு அப்பாலுள்ள அந்த உலகை அறிமுகப்படுத்துவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

சபாரியும் சபராளியும்

ஆற்றங்கரைக் காட்டில் விலங்குகளைக் காணச் செல்லும் பயணம் என்றதும் பலர்க்கும் ஆப்பிரிக்கா நினைவிற்கு வரும். சாம்பிய நாட்டில் லுவாங்குவா ஆற்றங்கரையில், வண்டியை விட்டிறங்கிக் கால்நடையாக நடந்து விலங்குகளைக் காணும் முறையை 1950ஆம் ஆண்டளவில் நார்மன் கார் என்பவர் தொடங்கி வைத்தார். அதே நாட்டின் தெற்கு எல்லையில் ஓடும் சாம்பேசி ஆற்றில் சிறு படகில் சென்று யானையையும் நீர்யானையையும் காண்கின்றனர். இத்தகைய பயணத்திற்குச் 'சபாரி' என்பது பெயர். சுவாகிலி மொழியில் அச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். அதன் வேர் அரபு மொழியின் 'சபர்' என்பதாகும்.

இவ்வேர்ச்சொல் காவிரிப் படுகைக்குப் புதியதன்று. கடல் கடந்து பொருளீட்டித் திரும்புவோரை நாகூர் வட்டாரத்தில் 'சபராளி' என்பர். ஆப்பிரிக்கக் காட்டுப் பயணமும் நாகூர்க் கடற்பயணமும் ஒரே சொல்லின் இரு கிளைகள். சொல் இங்கே வந்து சேர்ந்திருப்பது போலவே, அச்சொல் குறிக்கும் பொருளும் இங்கே உண்டு. தஞ்சையிலிருந்து காலையில் புறப்பட்டால் உச்சிப்பொழுதிற்கு முன் சென்று சேரத்தக்க தொலைவில் ஓர் ஆற்றுமுகக் கானகம் இருக்கிறது. அதுவே கோடிக்கரை.

மருதம் முடியும் இடம்

கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாறு தஞ்சையைத் தொட்டுக்கொண்டு கிழக்கே செல்கிறது. நீடாமங்கலத்தருகே மூணாறு தலைப்பில் அது வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகிறது. பாமணியாறு மன்னார்குடி வழியாகத் தெற்கே இறங்கும். கோரையாறும் அதுவும் பிற சிற்றாறுகளும் முத்துப்பேட்டைக் காயலில் சென்று கலக்கும். அக்காயலைச் சூழ்ந்து அலையாத்திக் காடு நிற்கிறது. வயல்களின் வடிநீரைச் சுமந்து செல்லும் வளவனாறு, மானங்கொண்டானாறு முதலியன அதற்குக் கிழக்கே விரியும் வேதாரணியச் சதுப்பினை நோக்கிச் செல்கின்றன. சதுப்பின் கிழக்கு முனையில், வங்கக் கடலும் பாக்கு நீரிணையும் கூடுமிடத்தில், கோடிக்கரைக் காடு அமைந்துள்ளது.

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரணியம் எனச் செல்லும் பாதையில் நிலம் மாறுவதைக் கண்ணால் காணலாம். முதலில் நெல்வயல், மடையோரத்தில் அசையாது நிற்கும் மடையான். பின்னர் வயலின் பசுமை மெலிந்து மண் வெளுக்கும். வேதாரணியத்தை அடுத்து மணற்பாங்கில் புகையிலையும் முல்லையும் பயிராகும். அகத்தியான்பள்ளியில் உப்பளங்கள் தொடங்கும். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் இராசாசி தலைமையில் தொண்டர்கள் உப்பெடுத்த மண் அது. அதனையும் கடந்தால் கோடியக்காடு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தோர் பூங்குழலியின் படகோடும் இக்கரையையும், இங்குள்ள புதைசேற்றையும், கலங்கரை விளக்கத்தையும் மறந்திருக்க இயலாது. சோழர் காலத்தது எனச் சொல்லப்பெற்ற பழைய கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் அழிந்தது. காடு மட்டும் நிற்கிறது.

ஒரு காட்டின் திணைமயக்கம்

1967ஆம் ஆண்டு இக்காடு வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. வெளிமானைக் காப்பதே அதன் முதல் நோக்கம். 2002ஆம் ஆண்டில் காடும் சதுப்பும் முத்துப்பேட்டைக் காயலும் சேர்ந்த 38,500 எக்டேர் பரப்பு, உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் சேர்ந்த முதல் இடம் இதுவேயாகும். அடுத்த இடங்கள் சேர இருபது ஆண்டுகள் ஆயின. 2022இல் திருவாரூர் மாவட்டத்து வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும், 2024இல் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டியும் சேர்ந்தன.

தமிழ் பயின்றோர்க்கு இக்காடு தரும் வியப்பு தனித்தன்மையது. சங்கப் புலவர்கள் இரலை என்றும் புல்வாய் என்றும் சுட்டிய, முறுக்கிய கொம்புடைய மான் முல்லைத் திணைக்கு உரியது. ஆண் கரும்பழுப்பு நிறமும் வெண்ணிற வயிறும் உடையது. பிணை மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தது. கார்காலத்துப் புல்வெளியில் பிணையோடு திரியும் இரலையைக் கண்டு, பிரிந்து சென்ற தலைவன் தேரை விரைந்து செலுத்துவான் என்பது முல்லைப் பாடல்களின் மரபு. கோடிக்கரையில் அந்த முல்லை விலங்கு கடலலையின் ஓசை கேட்கும் தொலைவில் மேய்கிறது. அதன் ஒருபுறம் நெய்தலின் உப்பும் பரதவர் குடிலும். மறுபுறம் மருதத்தின் வடிநீர். இடையில் நிற்கும் உலர் பசுமைக் காட்டின் முதன்மை மரத்திற்குப் பாலை என்று பெயர். அது பாலைத் திணைக்குப் பெயரளித்த மரந்தானா என்பது வேறு ஆய்வு. ஆயினும் முல்லையும் மருதமும் நெய்தலும் ஒரே பார்வையில் அடங்கும் வெளியில், பாலை என்னும் பெயருடைய மரம் நிழல் தருவது கவிஞர் நெஞ்சைத் தொடாமல் இராது.

உரிப்பொருள் ஒழிந்த ஏனையவை திணைதோறும் கலந்து வரலாம் எனத் தொல்காப்பியர் இடம் தந்தார். வகுப்பறையில் திணைமயக்கம் ஓர் இலக்கண விதி. கோடிக்கரையில் அது கண்முன் நிற்கும் நிலம்.

குழகரின் தனிமை

இக்காட்டின் தனிமைக்குப் பழைய சான்று தேவாரத்தில் உண்டு. கோடியக்காட்டுக் குழகர் கோயிலைப் பாடிய சுந்தரர் அங்கே கண்டது ஆரவாரமற்ற கடற்கரை. காற்று கடுமையாய் வந்து மோதும் கரையில், அயலில் குடியிருப்பு ஏதுமின்றி, இரவில் கூகையும் ஆந்தையும் குழறும் காட்டில் இறைவன் ஏன் தனித்திருக்க வேண்டும் என்று அவர் இரங்குகிறார். இறைவனுக்காகப் பக்தன் அஞ்சும் அவ்வுணர்ச்சி பதிகத்தின் உயிராகும்.

அப்பதிகத்தை இன்று படிப்போர்க்கு வேறோர் இரக்கமும் தோன்றக்கூடும். சுந்தரர் கவலையுற்ற அத்தனிமைதான் இக்காட்டினைக் காத்து வந்தது. இன்று காட்டிற்குக் குறைவது தனிமையே. சதுப்பின் பெரும்பகுதியில் உப்பளங்கள் விரிந்துள்ளன. சீமைக் கருவேலம் புல்வெளியைச் சிறிது சிறிதாக மூடி, திறந்த வெளியிலன்றி வாழ இயலாத வெளிமானின் மேய்ச்சலைக் குறைக்கிறது. வளர்ப்பிலிருந்து நீங்கிக் காட்டில் பெருகிய மட்டக்குதிரைகள் அதே புல்லுக்கும் அதே குடிநீருக்கும் போட்டியாகின்றன. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கசா புயல் இக்கரையைக் கடந்தபோது மரங்கள் வேரோடு சாய்ந்தன. மான்களும் குதிரைகளும் மடிந்தன. அதே புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னந்தோப்புகளைத் தரைமட்டமாக்கியதைத் தஞ்சை மாவட்டத்தார் அறிவர். தென்னை இழந்த குடும்பத்தின் துயரைப் பாடல்கள் சொல்லின. மானின் துயரைச் சொன்ன பாடல்கள் மிகச் சில.

காத்திருக்கும் கண்

கோடிக்கரைக்குச் செல்வோர் ஆப்பிரிக்கக் காட்சிகளை எதிர்பார்த்தால் ஏமாற்றமடைவர். இங்குச் சிங்கம் இல்லை, யானை இல்லை. வெளிமானும் புள்ளிமானும் காட்டுப்பன்றியும் நரியும் முயலும் குரங்கும் உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலத்திலிருந்து வலசைப் பறவைகள் வந்திறங்கும். சைபீரியக் குளிர்நிலங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் சிற்றுள்ளான்கள் சேற்றுப் பரப்பை மொய்க்கும். ஆழங்குறைந்த நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் நீரை வடித்து, நுண்ணுயிர்களை உண்ணும். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு விடுவித்து, அவை செல்லும் வழிகளை ஆராய்ந்து வருகின்றனர்.

வனத்துறையின் இசைவு பெற்று உள்ளே செல்வோர்க்குத் தேவைப்படும் தகுதிகள் மூன்று. விடியலிலோ மாலையிலோ செல்லுதல், குரலை அடக்குதல், காத்திருத்தல். வண்டியை விரைந்து செலுத்தினால் மான் கூட்டம் துள்ளி மறையும். நிறுத்தி அமர்ந்தால் சிறிது நேரத்தில் அது மீண்டும் மேயத் தொடங்கும். இராமர் பாதம் என்னும் மேடு கடல் மட்டத்திற்குச் சில அடிகளே உயர்ந்தது. எனினும் இக்காட்டில் மிக உயர்ந்த இடம் அதுவே. அங்கே நின்றால் புல்லும் சேறும் நீரும் வானும் ஒன்றோடொன்று தொடர்ந்து விரியக் காணலாம்.

காத்திருந்து காணுதல் தமிழ்க் கவிதைக்குப் பழகிய தொழில். களவு மணத்திற்குச் சாட்சி வேறு இல்லை, ஆரல் மீனை எதிர்நோக்கி நின்ற குருகு ஒன்றே அங்கிருந்தது என்று குறுந்தொகையில் கபிலர் ஒரு தலைவியைப் பேச வைத்தார். குருகு நீரில் எவ்வாறு நிற்கும், எதை நோக்கும், அதன் கால் எத்தகையது என்பனவற்றை அவர் பார்த்திருந்தார். பார்த்திருந்ததனால் அப்பறவை உவமைக்குள் ஒட்டவைக்கப்பெற்ற பொருளாகத் தோன்றவில்லை. பட்டீச்சரத்தை அடுத்த சத்திமுற்றத்துப் புலவர், வறுமையால் ஊர் நீங்கியபோது, தென்குமரிக்குச் சென்று வடக்கே திரும்பும் நாரையை மனைவிக்குத் தூது விடுத்தார். பறவைகள் பருவந்தோறும் வடக்கும் தெற்குமாகப் போய்வருவதைக் காலில் வளையமிடும் அறிஞர்க்கு முன்பே காவிரிக்கரைக் கவிஞர் ஒருவர் கவிதைக்குள் கொண்டுவந்தார். அண்மைக் காலத்தில் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) அதே கூர்மையோடு காட்டைக் கண்டு எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என நூலாக வெளிவந்துள்ளன.

இற்றைநாள் கவிதைகளில் பறவை வருகிறது. ஆனால் பெயரின்றி வருகிறது. மான் வருகிறது, இரலையா, புள்ளிமானா என்பது தெரிவதில்லை. சொல் இருக்கும்போதே அதன் பொருளைப் பாராமல் விடுவது, சொல்லை அகராதிக்குள் அனுப்பிவிடும். பார்ப்பார் அற்ற பொருளும் நாளடைவில் நிலத்திலிருந்து நீங்கிவிடும்.

740இல் 4

இனி, நீர் பற்றிய கணக்கு. காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் அளித்த இறுதி ஆணையில் ஆற்றின் ஆண்டு நீரை 740 டி.எம்.சி. எனக் கொண்டது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பங்கீட்டைத் திருத்தியது. அதன்படி தமிழ்நாட்டிற்கு 404.25, கருநாடகத்திற்கு 284.75, கேரளத்திற்கு 30, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. எஞ்சிய பதினான்கில் 10 சுற்றுச்சூழல் பாதுகாப்பிற்கு உரியது. மீதமுள்ள 4 டி.எம்.சி., தவிர்க்க இயலாமல் கடலிற் சேரும் நீராகக் கணக்கிடப்பெற்றது.

'தவிர்க்க இயலாமல்' என்னும் தொடர் சிந்திக்கத்தக்கது. தவிர்க்க இயலுமாயின் தவிர்த்துவிடலாம் என்னும் எண்ணம் அதனுள் அடங்கியுள்ளது. ஊர்மேடைகளில் இதனை 'வீணாகக் கடலில் கலக்கும் நீர்' என்பர். அந்நீர் வீணாவதில்லை. ஆற்றுநீர் சதுப்பில் கலக்கும்போதுதான் அதன் உப்பு அளவாகும். அளவான உப்பில்தான் பல சிற்றுயிர்கள் பெருகும். அவற்றை நம்பியே உள்ளானும் பூநாரையும் ஆயிரக்கணக்கான கல் தொலைவு பறந்து வருகின்றன. அலையாத்தி உவர்நீரில் வாழும் மரமேயாயினும் நன்னீர் வரத்து அறவே குன்றினால் நலிந்துபோகும். இறாலும் மீன்குஞ்சும் அதன் வேர்களிடையே வளர்ந்த பின்னரே கடலுக்குச் செல்கின்றன. தஞ்சை, புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022ஆம் ஆண்டு ஆவுளியா எனப்படும் கடற்பசுவின் காப்பகமாக அறிவிக்கப்பெற்றது. இந்தியாவில் அவ்விலங்கிற்கு அமைந்த முதல் காப்பகம் அதுவே. கடற்புல் மேயும் அவ்விலங்கும் தஞ்சை மாவட்டத்துக் குடியே.

இவ்விடத்தில் எழும் மறுப்பை மறைத்தல் நேர்மையாகாது. கடைமடை உழவர் கருகும் பயிரின் முன் நிற்கும்போது, பறவைக்கு நீர் விடுக என்று சொல்வது கல்நெஞ்சின் செயலாகத் தோன்றும். பசித்தோர் முன் பாடப்படும் அழகு பழிக்கப்படுவதும் முறையே. ஆயின் உழவரும் பறவையும் ஒருவர்க்கொருவர் எதிரிகளா என்பதை ஆராய்தல் வேண்டும். 2018ஆம் ஆண்டு ஆகத்தில் கொள்ளிடம் வழியே பெருவெள்ளம் கடலுக்கு ஓடியது. அதே நாளில் தெற்குக் கடைமடை வயல்கள் நீர் வரவில்லையென வாடின. தூர்ந்த வாய்க்காலும் அடைபட்ட வடிகாலும் அதற்குக் காரணமாயின. கடைமடை வயலுக்கு நீர் போய்ச்சேரும் ஆண்டில், அதன் வடிநீர் சதுப்பையும் அடைகிறது. வயல் வறளும் ஆண்டில் சதுப்பும் வறளுகிறது. இருவரும் ஒரே வாய்க்காலின் கடைசியில் காத்திருப்போர். உழவர்க்கு அடுத்த படியில் நிற்பது காடு, அவ்வளவே வேறுபாடு. வாய்க்காலைத் தூர் வாரி, வடிகாலைக் காத்து, வயலில் நஞ்சைக் குறைத்தால், வடிநீர் இருவர்க்கும் நன்மையாகும்.

சாம்பேசி ஆறும் இப்பாடத்தையே கற்பிக்கிறது. 1959இல் கரிபா அணை கட்டி முடிக்கப்பெற்ற பின்னர், அதன் கீழுள்ள ஆற்றங்கரைக் காடுகளுக்கு ஆண்டுதோறும் வந்த இயல்பான வெள்ளம் மாறிப்போயிற்று. அணையின் நீர் சூழ்ந்தபோது தவித்த விலங்குகளைப் படகிலேற்றிக் காத்தனர். அதனை உலகம் பாராட்டியது. அணைக்குக் கீழே வெள்ளத்தை இழந்த நிலத்தைக் காக்கும் வழி அத்துணை எளிதாக அமையவில்லை. மூழ்கும் விலங்கு கண்ணுக்குத் தெரியும். நீரின்றி மெலியும் நிலம் நெடுங்காலம் கண்ணில் படாது. கண்ணில் படாததைக் கண்ணில் படச் செய்வது யார் கடமை என்னும் வினா அங்கிருந்து இங்கே வருகிறது.

நிறைவாக

பட்டினப்பாலை காவிரியைப் பாடியபோது, கடலோடு ஆறு கலக்கும் துறையையும் அங்கு வாழ்ந்த மக்களையும் விரித்துப் பாடியது. கடியலூர் உருத்திரங்கண்ணனார்க்கு ஆற்றின் கடைமுகம் விழாக்கோலம் பூண்ட இடமாக இருந்தது. இன்றைய கவிதையில் அக்கடைமுகம் மறைந்து, ஆறு வயலோடு நின்றுவிட்டது. நெல்லைப் பாடுவதை எவரும் குறைகூறார். நெல்லின்றி இவ்வவை இல்லை. நெல்லைக் கடந்தும் ஆறு ஓடுகிறது என்பதையும் பாடுதல் வேண்டும்.

பத்தாண்டு நிறைவு கண்ட இவ்வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள் பொருத்தமாகும். வரும் ஆண்டுகளில், மார்கழிக் கூட்டம் ஒன்றையேனும் அரங்கை விட்டு வெளியே நடத்தலாம். கவியரங்கத் தலைப்பும் ஒலிபெருக்கியும் அங்கு வேண்டா. மூணாறு தலைப்பில் தொடங்கி, பாமணியாற்றோடு இறங்கி, கடைமடை உழவர் ஒருவரோடு வரப்பில் அமர்ந்து பேசி, மாலைக்குள் கோடிக்கரையை அடைந்து, புல்வெளியின் ஓரத்தில் குரலடக்கிக் காத்திருத்தல் போதும். இரலை தலைநிமிர்ந்து ஒருகணம் நோக்கும். அந்நோக்கினைப் பெற்ற கவிஞர் மறுமுறை 'மான்' என்று எழுதும்போது, சொல் சற்றே தயங்கிச் சரியான பெயரைத் தேடும். அத்தயக்கம் கவிதைக்கும் நன்று, காட்டுக்கும் நன்று.

காவிரி கடைமடை வயலை அடையட்டும். அதற்கு அப்பாலும் செல்லட்டும்.